தவறவிட்டவளுக்கு அடுத்த பந்து

அவளோடு ஒரே அணியில் ஆடுவதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. தவறு செய்துவிட்டு ஒளிந்துகொள்ள முடியாது.

வாலிபாலில் ஒளிந்துகொள்ள எல்லா வசதியும் இருக்கிறது. களத்தில் ஆறு பேர் நிற்கிறோம். ஒருத்தி பந்தை வெளியே அடித்துவிட்டால் குனிந்து ஷூ லேஸைக் கட்டலாம். முகத்தைத் துடைக்கிற சாக்கில் ஜெர்சிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம். நாலைந்து பந்து போவதற்குள் எல்லாரும் மறந்துவிடுவார்கள். நான் அந்தக் கலையில் கைதேர்ந்தவள். ஆனால் அவள் எங்கள் செட்டர். எதிராளி அனுப்புகிற பந்தை ஒருத்தி வாங்கித் தூக்கிவிட்டால், அதன் அடியில் ஓடிப்போய் நின்று, அடிக்கிறவளுக்கு வாகாக வலைக்கு மேலே எடுத்துக் கொடுப்பதுதான் செட்டரின் வேலை. யாருக்குக் கொடுப்பது என்பது அவள் இஷ்டம். அவளுடைய இஷ்டம் எப்போதும் ஒன்றாகத்தான் இருந்தது. இப்போது யார் தப்பாக அடித்தாளோ அவளுக்குத்தான் அடுத்த பந்து.

நான் அணியில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம். பெஞ்சும் அணியில் சேர்த்தி என்றால் நானும் சேர்த்தி. சேலத்துக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு இடம் கிடைத்தது உயரத்துக்காக, ஆட்டத்துக்காக அல்ல. அதிகாலையில் எல்லாரோடும் சேர்ந்து நானும் மைதானத்தைச் சுற்றி ஓடுவதைப் பார்த்துவிட்டு எங்கள் பி.டி. மேடம், எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்பார். கோபித்துக்கொள்ள முடியாது. உண்மை அதுதான்.

முதல் வருடம் ஒரு போட்டியில் முன்வரிசைக்காரி ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட, வேறு வழியில்லாமல் மேடம் என்னை உள்ளே தள்ளினார். வந்த முதல் பந்தை அடித்தேன். அது கோட்டைத் தாண்டிப் போய், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் டீ கிளாஸைத் தட்டிவிட்டது. நான் லேஸைக் கட்டக் குனிந்து நிமிர்வதற்குள் அடுத்த பந்து என் தலைக்கு மேலே நிற்கிறது. அதை வலையில் அடித்தேன். மேடம் வெளியிலிருந்து என் பரம்பரையையே இழுத்தார். மூன்றாவதும் எனக்கே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு போடு போட்டதில் எப்படியோ உள்ளே விழுந்தது. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம்.

மேடம் என்னை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார். இதென்ன அன்னதானமா, கேட்கிறவளுக்கெல்லாம் பந்து கொடுப்பதற்கு என்று கத்தினார். நான் கேட்கவே இல்லை என்பதை அந்த நேரத்தில் சொல்ல முடியவில்லை. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அவ மூஞ்சி செத்துப்போச்சுங்க மேடம். அப்பக் குடுக்கலீன்னா அவ நாளைக்குக் கிரவுண்டுக்கே வரமாட்டாளுங்க."

மேடம் கையிலிருந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். போய்த் தண்ணீர் குடிங்கடி என்று எல்லாரையும் விரட்டிவிட்டார். மறுநாள் நான் மைதானத்துக்கு வந்தேன். அதற்கப்புறம் கல்லூரி முடிகிறவரை பெஞ்சில்தான் இருந்தேன் என்றாலும் வராமல் இருந்ததில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அவளை ஒரு சாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிடிவாதக்காரி. விடுதியில் அடுத்தவள் வீட்டு எலுமிச்சை ஊறுகாயைக் கூசாமல் எடுத்துத் தின்பாள். குறட்டை விடுவாள். எங்களுக்கு ஒரே நீள அறை, கட்டில் பத்தாமல் பாதிப் பேர் பாயில் படுத்திருப்போம், அவள் குறட்டைக்கு நடுவில் தூங்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு இன்றைக்கும் எந்த ஊரிலும் தூக்கம் வரும். காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் உட்காருகிறாள் என்று பார்த்தால் போதும், அன்றைக்கு யாருக்கு மனசு சரியில்லை என்று தெரிந்துவிடும். பக்கத்தில் உட்காருவாளே தவிர என்ன ஏது என்று கேட்கமாட்டாள். தன் முட்டையின் மஞ்சள் கருவை எடுத்து அந்தத் தட்டில் வைப்பாள். அது அன்பு என்று நாங்கள் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தோம். அவளுக்கு மஞ்சள் கரு பிடிக்காது என்பது கடைசி வருடத்தில்தான் தெரிந்தது.

அவளுக்கு மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் பந்து எங்கே போனது என்று நாங்கள் பார்ப்போம், அவள் மற்ற ஐந்து பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவாள். நீங்கள் அழ நினைத்தால் உங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். இது சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும். மனுஷிக்கு ஒரு கஷ்டத்தைத் தனியாக வைத்துக்கொள்ளவும் உரிமை வேண்டாமா?

அவள் ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்துக்காரி. நான் அதே மலையில் கொட்டச்சேட்டில், எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் மகள். லீவு விட்டால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் மலையேறுவோம். ஒருமுறை கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டிக்கொண்டு வர, பேச்சை மாற்றினால் நிற்கும் என்று தவறவிட்டவளுக்கே பந்து கொடுக்கிற இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் யோசித்ததுகூட இல்லை போலிருக்கிறது. அவர்கள் ஊரில் சாமைக் கொல்லையில் பெண்கள் ஆளுக்கொரு வரிசை பிடித்துக் களையெடுப்பார்களாம். தன் வரிசையை முடித்தவள் கரையேறி உட்காரமாட்டாள். யார் பின்தங்கியிருக்கிறாளோ அவள் வரிசையில் எதிர்முனையிலிருந்து களையெடுத்துக்கொண்டு வருவாள். எல்லாரும் சேர்ந்துதான் கரையேறுவார்கள். சின்ன வயதில் அம்மாவோடு போகும்போது அவள்தான் எப்போதும் பின்தங்குவாளாம்.

"தலய நிமுந்து பாத்தா எதுக்கால ஒருத்தி வந்துட்டு இருப்பா. அதப் பாத்தாத்தாண்டி கையி ஓடும்" என்றாள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பிளாஸ்டிக் பையை நீட்டியும்விட்டாள்.

கல்லூரி முடித்த இரண்டாம் வருடம் அவளுக்கு வெளிநாட்டில் ஆட அழைப்பு வந்தது. ஏற்காட்டுக்குத் தேனிலவு வருகிறவர்கள், கையில் இன்னும் கொஞ்சம் காசிருந்தால் எங்கே போவார்களோ, அந்த மாலத்தீவுக்கு. அங்கே கிளப்புகள் வெளிநாட்டிலிருந்து ஓரிரண்டு பேரைச் சம்பளத்துக்கு எடுப்பார்கள். ஒரு ஓபன் போட்டியில் இவள் ஆட்டத்தைப் பார்த்த ஏஜெண்ட் ஒருவர் ஏற்பாடு செய்துகொடுத்தார். மலையில் அது பெரிய பேச்சாகிவிட்டது. பந்தாடப் போறதுக்குச் சம்பளமா என்று பஸ் ஸ்டாண்டில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. அந்தச் சமயம் அவள் அப்பா மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு ஏறி, விழுந்து, இடுப்பு முறிந்து படுத்திருந்தார். தம்பி படித்துக்கொண்டிருந்தான். ஆகவே போகிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. என்றைக்குப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள்.

நான் அதற்குள் ஏற்காட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பாளராகச் சேர்ந்திருந்தேன். காலையில் விருந்தாளிகள் எழுந்து வெந்நீர் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் வீடியோவில் கூப்பிடுவாள். போனை ஏதோ ஒன்றில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். பேச்சு அதிகம் இருக்காது. நான் பதிவேட்டை எழுதிக்கொண்டிருப்பேன், அவள் தின்றுகொண்டிருப்பாள். தட்டைக் கழுவப் போகும்போது வைத்துவிடுவாள்.

அங்கே எல்லாம் இருந்தது. கல்லூரியில் நாங்கள் இரண்டு பேருக்கு ஒரு நல்ல ஷூ என்று மாற்றி மாற்றிப் போட்டோம். கால் வீங்கினால் கல்லூரி வாசல் ஜூஸ் கடையில் ஐஸ் கெஞ்சி வாங்கிவந்து துண்டில் சுற்றி வைத்தோம். அங்கே அவளுக்குப் புது ஷூ, வலிக்கு மிஷின் வைக்க ஒரு ஆள், ஏ.சி. போட்ட அறை. அந்த அறையில் இரண்டு கட்டில். ஒன்று காலி. யாரும் படுக்காத அந்தக் கட்டிலின் விரிப்பையும் அவள் தினமும் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏண்டி என்றதற்குச் சும்மாத்தான் என்றாள்.

அந்தத் தீவில் ஒரு மேடு கிடையாதாம். ஸ்பீடு பிரேக்கரைத்தான் மலை என்று சொல்ல வேண்டும் என்றாள். நிமிர்ந்தால் வானம், திரும்பினால் கடல், கண் போய் முட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லை, அதனால் தலை சுற்றுகிறது என்றாள். மலையில் பிறந்தவள் சமதளத்தில் தலைசுற்றி விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைவு.

உள்ளூர்ப் பெண்கள் பகலில் வேலைக்கும் படிக்கவும் போய்விட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருவார்கள். நல்ல பெண்கள்தான். ஆட்டம் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கல்லூரியில் தோற்றால் ரயிலில் ரிசர்வ் இல்லாத பெட்டியில் கும்பலாக உட்கார்ந்து அழுவோம். பாதி வழியில் யாராவது மேடத்தைப் போலப் பேசிக்காட்ட, எல்லாரும் சிரித்து, ஒரே பொட்டலத்துப் புளிசாதத்தில் எட்டுக் கை விழும். அங்கே ஜெயித்தாலும் அவள் தனியாக அறைக்கு நடந்து போய், சாவியைத் திருப்பி, விளக்கைப் போட வேண்டும். ஜெயித்த அன்றைக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, தோற்றால் தூங்கிவிடலாம் என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு அது அப்போது புரியவில்லை.

நோன்பு மாதத்தில் தெருவே சாயங்காலம் வீட்டுக்குள் போய்விடும். அணியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள், பள்ளி முடித்து ஒரு கடையில் வேலை பார்ப்பவள். அவள் மட்டும் ஒருநாள் டப்பாவில் மீன் பலகாரம் கொண்டுவந்து கொடுத்து, இவள் தின்று முடிக்கிறவரை நின்றுவிட்டுப் போனாளாம். அதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

அணியில் இவளைத் தவிர இன்னொரு வெளிநாட்டுக்காரி உண்டு. தூர தேசத்திலிருந்து வந்த உயரக்காரி. அடித்தால் எதிர்ப்பக்கம் ஆளே இருக்காது. கோச் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். முக்கியமான பந்தெல்லாம் உயரக்காரிக்கு. அதற்காகத்தான் அவளுக்குச் சம்பளம், அவளுக்குக் கொடுப்பதற்காகத்தான் உனக்குச் சம்பளம். இவள் சரியென்று தலையாட்டினாள். மாதக்கணக்கில் அப்படியேதான் ஆடினாள். அரையிறுதி ஆட்டத்தில், கடைசி செட்டில், இழுபறியில் அந்தச் சின்னப் பெண் ஒரு பந்தை வெளியே அடித்துவிட்டாள். இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி. பந்து இவள் தலைக்கு மேலே வருகிறது. இந்தப் பக்கம் உயரக்காரி கையைத் தூக்கிக் கூப்பிடுகிறாள். அந்தப் பக்கம் சின்னப் பெண்.

இவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்தால் வேறென்ன செய்வாள்? பந்தைச் சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அவள் அடித்த அடி வலையில் போய் விழுந்தது.

"ஒருத்தருங்கூடத் திட்டல புள்ள" என்றாள் என்னிடம். மேடமாயிருந்தால் தோலை உரித்து மைதானத்தில் காயப்போட்டிருப்பார், அது தெரிந்த வலி. அங்கே எல்லாரும் வரிசையாக வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். உயரக்காரி தோளில் தட்டினாள். சின்னப் பெண் அழுதுகொண்டே ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள். மறுநாள் மேனேஜர் அறைக்கு வந்து, மிக மரியாதையாக, ஊருக்குப் போகிற டிக்கெட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பெரிய பொட்டலம் மாசிக் கருவாட்டையும் கொடுத்தார். அடுத்த சீசனுக்கு அழைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

சித்திரையில் ஊர் திரும்பினாள். கருவாட்டை வீடு வீடாகக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர்கள் எப்போது திரும்பப் போகிறாய் என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சலித்து, வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரமங்கலம் போயிருந்தேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, நீயாவது சொல்லு சாமி. ஊட்டுக்குள்ளயே உக்காந்துட்டு இருக்கறா. காட்டுக்குக் கூப்புட்டா வர்றா, வேல செய்யறா. பேச்சுத்தான் இல்ல."

பேச்சில்லாதவளைப் பேசவைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அது அவளுடைய துறை. பந்து வைத்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டேன்.

அதற்கப்புறம் அவள் பஸ் பிடித்துக் கொட்டச்சேட்டுக்கு வர ஆரம்பித்தாள். எங்கள் எஸ்டேட்டில் காப்பி காயப்போடுகிற சிமெண்டுக் களம் உண்டு. பழம் பறிக்காத மாதங்களில் காலியாகக் கிடக்கும். ஓரத்தில் குடோன் சுவர். அந்தச் சுவரில் பந்தைப் போட்டுப் போட்டு விரல்களால் ஏந்தி மறுபடி சுவருக்கே அனுப்பிக்கொண்டிருப்பாள். அடிக்கிறவளுக்கு ஒரு சுவர் போதும், தனியாகப் பழகிக்கொள்ளலாம். செட்டருக்குத் தனியாக ஆட்டம் கிடையாது. கொடுத்தால் வாங்கி அடிக்க ஒருத்தி வேண்டும். மலையில் அவள் வயதுப் பெண்கள் திருப்பூருக்கும் சேலத்துக்கும் வேலைக்கோ கல்யாணமாகியோ போய்விட்டார்கள். பள்ளிப் பெண்கள் சிலர் ஒரு வாரம் வந்தார்கள், பிறகு பரீட்சை என்று நின்றுவிட்டார்கள்.

"சொவுரு திருப்பிக் குடுக்குதுடி. அடிக்க மாட்டேங்குது" என்றாள்.

ஆகவே நான் அடித்தேன். கல்லூரிக் காலத்திலேயே கோணலாக அடித்தவள், இரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து விடுதிச் சாப்பாடு சாப்பிட்ட பிறகு எப்படி அடித்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நானும் சிமெண்டு வழுக்குகிறது என்று சொல்லிப் பார்த்தேன். பந்து காப்பிச் செடிக்குள் போகும். தேடி எடுத்து வருவோம். மறுபடி கொடுப்பாள். எங்கேயிருந்து எப்படி வந்தாலும் அந்தப் பந்து என் கைக்கு ஒரு முழம் மேலே வந்து ஒரு கணம் நிற்கும். அப்படி ஒரு மரியாதை எனக்கு வேறு யாரும் செய்ததில்லை. மேகம் இறங்கிக் குடோன் சுவர் தெரியாமல் போகிறவரை ஆடுவோம். கடைசி பஸ்ஸில் அவள் போய்விடுவாள். அவளை ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது எனக்கு என்னவோ போலிருக்கும். அவளுக்கு வேண்டியது ஒரு அணி. என்னைப் போல ஒரு அரை ஆள் அல்ல.

ஆடி மாதத்தில் ஏஜெண்ட் மறுபடி பேசினார். இந்தத் தடவை குளிர் தேசம். பனி கொட்டுகிற ஊர். சம்பளம் முந்தியதைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் கோச் முதலில் வீடியோவில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றாராம். மாரமங்கலத்தில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் எங்கள் விடுதி ஆபீஸ் அறையில் உட்காரவைத்தேன். நானும் ஓரமாக நின்றேன். கோச்சுக்கு அரைகுறை இங்கிலீஷ், இவளுக்கும் அப்படியே. அதனால் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கை நன்றாக இருக்கிறது, கால் நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, அந்த அரையிறுதியின் வீடியோவைப் பார்த்தேன் என்றார். ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கடைசிப் பந்து இப்போது திரும்ப வந்தால் யாருக்குக் கொடுப்பாய்?

இவள் மேஜையில் கிடந்த அறைச் சாவியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். கோச் காத்திருந்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். அவர் முகம் ஒரு மாதிரியானது. சரியென்று வைத்துவிட்டார்.

இரண்டு பேரும் ஏரிக்கரையில் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு நின்றோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பொய் சொல்ல என்னடி, உயரமா இருக்கறவளுக்குக் குடுப்பேன்னு சொல்லிட்டுப் போ, அங்க போயி உன் இஷ்டத்துக்கு ஆடிக்கோ என்றேன். அப்பாவின் இடுப்பைச் சொன்னேன், தம்பியின் படிப்பைச் சொன்னேன். அந்தச் சிமெண்டுக் களத்தில் நீ கிழவியாகிற வரைக்கும் நான் அடித்துக்கொண்டிருக்க முடியாது என்றுகூடச் சொன்னேன்.

"சொல்லிப்புட்டா செஞ்சாகோணுமில்ல" என்றாள்.

பஜ்ஜியைத் தின்று முடித்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள். மறுநாள் வந்தாள். கோச் திரையில் வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், "டால் ஒன், சார்" என்றாள், உயரமானவளுக்குத்தான் என்று. அவர் சிரித்தார். விசா வேலையெல்லாம் மளமளவென்று நடந்தது. ஆவணியில் கிளம்பிவிட்டாள். வழியனுப்பப் போனபோது அவள் அம்மா சிரித்த முகமாக இருந்தார். அவளும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள், ஆனால் யாரையும் சரியாகப் பார்க்கவில்லை. ஊரைவிட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊர் கிளப் தன் ஆட்டங்களை இணையத்தில் நேரலையாகப் போடும். நம்முடைய சாயங்காலத்தில் வரும். கவுண்டருக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒரே கேமரா, தூரத்திலிருந்து. ஆட்கள் சின்னச் சின்னதாகத் தெரிவார்கள். பந்தை ஏந்துகிற கையை வைத்து நான் அவளைக் கண்டுபிடித்துவிடுவேன். மார்கழியில் ஒருநாள் அவர்களுக்கு முக்கியமான ஆட்டம். ஜெயித்தால்தான் அந்தப் பிரிவில் நீடிக்க முடியும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள். இங்கே மேகம் கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றது. ஒரு குடும்பம் வந்து அறை கேட்டது. சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பார்த்தால் கடைசி செட், இழுபறி. அவர்கள் அணியில் மெலிசாக ஒரு பெண், பின்னல் போட்டவள், அடித்த பந்து வெளியே போனது. அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு இவளைத் திரும்பிப் பார்த்தாள். செட்டரை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை.

அடுத்த பந்து வந்தது. இவள் அடியில் போய் நின்றாள். முகம் நேராக இருந்தது. பந்து இந்தப் பக்கமாக, அந்த அணியின் உயரக்காரிக்குப் போனது. இடி மாதிரி ஒரு அடி. அதற்கடுத்ததும் அவளுக்கே. அதற்கடுத்ததும். ஜெயித்துவிட்டார்கள். எல்லாரும் ஓடிவந்து இவளைத் தூக்கினார்கள். கோச் தலைக்கு மேலே கைதட்டினார். பின்னல்காரியும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், ஜெயித்தால் கட்டிக்கொள்ளத்தானே வேண்டும். நான் கவுண்டரில் உட்கார்ந்தபடி அழுதேன். ஏனென்று அந்தக் குடும்பத்துக்காரர் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் வெந்நீர்தான் கேட்டார்.

மறுநாள் காலையில் கூப்பிட்டாள். பின்னால் ஜன்னலில் பனி தெரிந்தது. பாத்தியா என்றாள். பார்த்தேன் என்றேன். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்களாம், அம்மாவுக்குச் சொல்லிவிட்டாளாம், தம்பியைச் சென்னையில் சேர்க்கலாமாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நல்லதுடி என்றேன். நிஜமாகவே நல்லதுதான். அவள் செய்தது தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது, அவளை அங்கே போகச் சொன்னதே நான்.

தட்டைக் கழுவ எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ள என்னயப் பாத்துச்சாடி?" என்றாள்.

பார்த்தாள் என்றேன்.

"எனக்குத் தெரியும். நாந்தான் திரும்பல" என்றாள். "திரும்பிப் பாத்துருந்தா குடுத்துருப்பேன்."